குரல் கேட்டு விழிக்கும் ஒலிப்பதிவுக் கருவி

(பத்தாம் வகுப்பு மாணவி)

எழுதியது ஏட்டில் நிற்கும்; பேசியது காற்றோடு போகும். நெடுங்காலம் உலக நியதி இதுவாகத்தான் இருந்தது. அந்த நியதியை விஞ்ஞானம் மாற்றியது. இன்று கைபேசியிலேயே எல்லோரும் குரலைப் பதிவு செய்து விடுகிறோம். ஆயினும் நம் கடற்கரை வீடுகள் பலவற்றில், பீரோவின் மேல் தட்டிலோ, டிரங்குப் பெட்டிக்குள் பழைய துணிகளுக்கு நடுவிலோ, சிறிய டேப்ரிக்கார்டர் ஒன்று இன்னும் உறங்கிக் கொண்டிருக்கிறது. கப்பல் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய் வந்த தகப்பன்மாரும் மாமன்மாரும் ஆசையோடு வாங்கி வந்தவை அவை.

அவற்றுள் சிலவற்றின் பக்கவாட்டில் 'வி.ஓ.ஆர்.' என்று எழுதிய சிறு விசை ஒன்று இருக்கும். 'வாய்ஸ் ஆப்பரேட்டட் ரிக்கார்டிங்' என்பதன் சுருக்கம் அது. குரல் கேட்டால் தானே ஓடவும், குரல் நின்றால் தானே நிற்கவும் அக்கருவியை அது பழக்கி வைக்கிறது. அந்த விசை எப்படி வேலை செய்கிறது, அதை எப்போது போட வேண்டும், எப்போது போடவே கூடாது, உப்புக் காற்று வீசும் நம் கரையில் கருவியை எவ்வாறு பேண வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவை வெறும் யந்திர விஷயங்கள் என்று தோழியர் எண்ண வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்களின் குரல் முழுமையாக நமக்குக் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இந்தச் சின்னஞ்சிறு விசையைப் பொறுத்திருக்கிறது.

கருவி பிறந்த கதை

ஒலியைக் காந்தமாக்கிச் சேமிக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த வால்டெமர் பவுல்சன். 1898 ஆம் ஆண்டு அவர் அமைத்த கருவியில் நாடா இல்லை. எஃகுக் கம்பிதான் இருந்தது. 1928 ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிரிட்ஸ் புளோய்மர் என்பவர் காகித நாடாவின்மீது இரும்புத் தூளைப் பூசி, கம்பிக்குப் பதில் நாடாவைக் கொண்டு வந்தார். பிறகு காகிதம் போய்ப் பிளாஸ்டிக் நாடா வந்தது. 1963 ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் இரண்டு சக்கரங்களையும் நாடாவையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துக் கேசட்டை வெளியிட்டது. கையால் நாடாவைக் கோத்து மாட்டும் தொல்லை அன்றோடு ஒழிந்தது.

1969 ஆம் ஆண்டு ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் இன்னும் சிறிய மைக்ரோ கேசட்டையும், அதை ஓட்டும் கையடக்கக் கருவியையும் வெளியிட்டது. அக்கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் 'பேர்ல்கார்டர்'. 'பேர்ல்' என்றால் முத்து அல்லவா? முத்துக்குளித்துறையில் வாழும் நமக்கு அந்தப் பெயர் சொந்தம் போலத் தோன்றுகிறது! குரல் கேட்டு ஓடும் வசதியைச் சோனி 'வி.ஓ.ஆர்.' என்றும், ஒலிம்பஸ் 'வி.சி.வி.ஏ.' என்றும், பானசோனிக் 'வி.ஏ.எஸ்.' என்றும் குறித்தன. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

பேச்சையும் பாட்டையும் பிடித்து வைக்கும் முயற்சி நம் தென்னாட்டுக்கும் புதிதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றி நூல் எழுதியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு மக்களின் பாடல்களைப் பதிவு செய்ய மெழுகு உருளையில் இயங்கும் போனோகிராப் கருவியை அவர் பயன்படுத்தினார். பின்னாளில் நாங்குநேரியிற் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தொடங்கப்பட்ட நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையமும் தென்மாவட்டங்களின் கதைகளையும் பாடல்களையும் சேகரித்தது. டேப்ரிக்கார்டர் அப்பணிக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விழிப்பதும் உறங்குவதும் எவ்வாறு?

சாதாரண டேப்ரிக்கார்டரின் வேலை எளிது. நம் குரல் மைக்கில் பட்டதும் அங்கே சிறு மின்சாரம் பிறக்கிறது. அது பெருக்கப்பட்டு 'ஹெட்' என்னும் சிறு மின்காந்தத்துக்குப் போகிறது. ஹெட்டைத் தொட்டபடி நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாடாவின் அகலம் ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர். அதன்மீது பூசப்பட்டுள்ள இரும்பு ஆக்ஸைடு துகள்கள் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் காந்தமாகின்றன. திரும்ப ஓட்டும்போது அதே காந்தம் ஹெட்டில் மின்சாரத்தை உண்டாக்க, அது ஒலிபெருக்கியில் குரலாகிறது. மைக்ரோ கேசட்டில் நாடா இதில் பாதி வேகத்தில், அதாவது வினாடிக்கு 2.4 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அதைக் காற்பங்கு வேகத்தில், 1.2 சென்டிமீட்டராக ஓட்டும் வசதியும் உண்டு. நாடா மிச்சமாகும், ஆனால் குரலின் தெளிவு குறையும்.

வி.ஓ.ஆர். விசையைப் போட்டால் நடுவில் ஒரு காவற்காரன் வந்து விடுகிறான். இதை எங்கள் சிஸ்டர் முத்துக்குளிப்பை வைத்தே விளக்கினார்கள். குளிப்பவர் கடலின் அடியில் இருக்கும்போது, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். அவர் கண்ணுக்குக் கீழே எதுவும் தெரியாது. கயிறு அசைந்தால் உடனே இழுப்பார். அதுபோல் கருவிக்குள் உள்ள சிறு மின்சுற்று மைக்கிலிருந்து வரும் மின்சாரத்தைக் கவனித்தபடி இருக்கிறது. அது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் 'யாரோ பேசுகிறார்' என்று மோட்டாரை ஓட்டுகிறது. ஒலி நின்றதும் உடனே நிறுத்தாமல், மின்தேக்கி ஒன்றில் சேர்ந்த மின்சாரம் வடியும்வரை இரண்டு மூன்று வினாடி பொறுத்துப் பிறகே நிறுத்துகிறது. அந்தப் பொறுமை இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நாடா நின்று நின்று ஓடும்.

ஆனால் தோணியில் இருப்பவருக்கு அறிவு உண்டு; மின்சுற்றுக்கு அறிவு கிடையாது. அதற்குப் பேச்சென்றும் கடலிரைச்சல் என்றும் பேதம் தெரியாது. சத்தம் உண்டா, இல்லையா என்பது ஒன்றே அதற்குத் தெரியும். இந்த உண்மையை மனத்தில் வைத்துக் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் கடற்கரைச் சொற்களைத் தொகுக்கும் செயல்திட்டம் ஒன்றை எடுத்துக் கொண்டோம். காற்றின் பெயர்கள், மீனின் பெயர்கள், வலை இழுக்கும்போது பாடும் பாடல்கள் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா அமலிநகரில் இருக்கிறார். சிறு வயதில் சங்கு குளித்தவர். தூத்துக்குடியில் 1961 ஆம் ஆண்டு நடந்ததே நம் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. அதை இளைஞராக நேரில் கண்டவர் அவர். அன்று வாலிபராய் இருந்தவர்கள் எல்லோரும் இன்று எண்பதைத் தொட்டும் கடந்தும் இருக்கிறார்கள் என்பதைத் தோழியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோழியின் தகப்பனார் கப்பல் வேலையில் இருந்தபோது வாங்கிய டேப்ரிக்கார்டர் வீட்டில் இருந்தது. அவ்விசையின் குணத்தை அறிவதற்காக, தாத்தாவின் அனுமதியோடு ஒரே செய்தியை இரண்டு முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தோம். முதல் முறை வி.ஓ.ஆர். போட்டு, இரண்டாம் முறை போடாமல்.

முதல் பதிவைக் கேட்டபோது மூன்று குறைகளைக் கண்டோம்.

முதலாவது, சொற்களின் தலை போயிருந்தது. மேற்கே இருந்து வருவது கச்சான், கிழக்கே இருந்து வருவது கொண்டல், வடக்கே இருந்து வருவது வாடை என்று தாத்தா ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நாடாவிலோ 'ச்சான்', 'ண்டல்', 'டை' என்றுதான் இருந்தன. குரல் கேட்ட பிறகே மோட்டார் விழிக்கிறது. விழித்து முழு வேகம் எடுப்பதற்குள் முதலெழுத்து போய்விடுகிறது. அரைகுறை வேகத்தில் பதிவான எழுத்து, முழு வேகத்தில் ஓட்டும்போது 'கீச்' என்று அணிற்குரலாகக் கேட்கிறது. காற்றின் பெயரே தெரியாத ஒருவர் பிற்காலத்தில் அந்த நாடாவைக் கேட்டால் என்ன எழுதுவார்?

இரண்டாவது, மெல்லிய சொற்கள் காணாமற் போயின. மூப்பினால் தாத்தாவின் குரல் இடையிடையே தாழ்ந்து விடும். தாழ்ந்த குரலை மின்சுற்று 'சத்தமில்லை' என்று தள்ளிவிட்டது. இறந்து போன கூட்டாளி ஒருவரைப் பற்றி அவர் சொன்ன வாக்கியத்தின் முடிவு நாடாவில் இல்லை.

மூன்றாவது குறைதான் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. குளிப்பவர் எவ்வளவு நேரம் அடியில் இருப்பார் என்று கேட்டோம். தாத்தா, "இப்போ கல்லோட இறங்கியாச்சு" என்று சொல்லிவிட்டுத் தம் மூச்சை அடக்கிக் கொண்டார். கையில் கயிறு இருப்பது போல விரல்களை மடக்கி, எங்களையே பார்த்துக் கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தின் ஓசைகூடப் பெரிதாகக் கேட்டது. ஒரு நிமிடம் ஆகப் போகும் வேளையில், "இப்போ இழுக்கணும்!" என்று மூச்சை விட்டார். எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. நாடாவிலோ, "இப்போ கல்லோட இறங்கியாச்சு" என்பதற்குப் பின் சற்றே அமைதி. உடனே அடுத்த வாக்கியம். குளித்தவர் இரண்டு வினாடியில் மேலே வந்துவிட்டார்! அந்த முழு நிமிடத்தையும், அதில் இருந்த அச்சத்தையும் கருவி வீணான நேரம் என்று கழித்துவிட்டது.

விசையைப் போடாமல் எடுத்த இரண்டாம் பதிவில் எல்லாம் இருந்தது. கடிகாரம் இருந்தது, தூரத்துக் கடல் இருந்தது, மூச்சு விட்ட ஓசையும் இருந்தது. நடுவே ஒரு முறை அவர் நெடுநேரம் பேசாதிருக்கவே, "முடிஞ்சுதா தாத்தா?" என்று கேட்டோம். "இல்ல மக்கா. நான் பேசாம இருந்தா யோசிக்கேன்னு அர்த்தம். முடிஞ்சா நானே சொல்லுதேன்" என்றார். அந்தப் பதிலும் நாடாவில் பத்திரமாக இருக்கிறது.

எப்போது போடலாம்? எப்போது கூடாது?

இதனால் வி.ஓ.ஆர். பயனற்றது என்று கொள்ளலாகாது. எதற்காக அது செய்யப்பட்டதோ அதற்கு மிகவும் ஏற்றது. அலுவலகத்தில் கடிதம் சொல்பவர் யோசித்து யோசித்துச் சொல்லுவார். அவருக்கு நடுவிலுள்ள மௌனம் தேவையில்லை. நாம் பரீட்சைக்குப் படிக்கையில் சூத்திரங்களையும் ஆண்டுகளையும் சொல்லிப் பதிந்து வைத்துக் கேட்கலாம். நாடா மிச்சமாகும், திரும்பக் கேட்கும் நேரமும் மிச்சமாகும். அப்போது ஒவ்வொரு முறையும் பேசத் தொடங்குமுன் "சரி" என்றோ "ம்" என்றோ ஒரு வெறுஞ்சொல்லைச் சொல்லி மோட்டாரை எழுப்பிவிட்டு, அரை வினாடி கழித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னால் தலையெழுத்து தப்பும்.

பெரியவர்களின் பேச்சு, கதை, பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றுக்கு இவ்விசையைப் போடவே கூடாது. வலை இழுக்கும் பாட்டில் ஒருவர் முன்பாட்டுச் சொல்ல மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்வார்கள். நடுவிலுள்ள இடைவெளியில்தான் இழுப்பு இருக்கிறது. அந்த இடைவெளி குறைந்தால் பாட்டின் தாளமே மாறிவிடும். பெரிய வெள்ளிக்கிழமையன்று நம் ஊர்ப் பெரியவர்கள் வியாகுலப் பிரசங்கம் படிப்பதைக் கேட்டிருக்கிறோம். அதை இயற்றியவர் இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் (1676–1742). வாசகம் அச்சுப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் குரலை நீட்ட வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி விம்ம வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. படிப்பவரின் நாவில்தான் இருக்கிறது. நிறுத்தத்தை வெட்டும் கருவி அதில் பாதியை வெட்டி விடும்.

கடற்கரை மணலில் நின்று பதிவு செய்யும்போது வேறொரு வேடிக்கை நடக்கும். அலை ஓயாது ஆகையால் கருவி உறங்கவே உறங்காது. விசையைப் போட்டும் பயனிராது. மின்விசிறி ஓடும் அறையிலும் இப்படித்தான். சில கருவிகளில் உணர்வளவைக் கூட்டவும் குறைக்கவும் தனி விசை உண்டு. கூட்டி வைத்தால் இரைச்சலுக்கும் விழிக்கும்; குறைத்து வைத்தால் மெல்லிய குரலை விட்டுவிடும்.

பதிவு செய்யும் முறை

1. கருவியைக் கையிற் பிடித்தபடி பதிவு செய்யக் கூடாது. விரல் உரசும் ஓசை முழுவதும் நாடாவில் ஏறும். மடித்த துண்டின்மீது, பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில் வைக்க வேண்டும். வெறும் மேசைமீது வைத்தால் மேசையின் அதிர்ச்சியும் மோட்டாரின் உறுமலும் சேரும்.

2. வெளியில் காற்று அடித்தால் மைக்கின்மீது மெல்லிய கைக்குட்டையைச் சுற்றி, பேசுபவரின் முதுகு காற்றுக்கு இருக்கும்படி உட்கார வைக்க வேண்டும்.

3. மின்விசிறியை நிறுத்த வேண்டும். கருவிக்குள் தானே ஒலியளவைச் சரிப்படுத்தும் அமைப்பு உண்டு. பேச்சு நின்றதும் அது சிறு சத்தத்தையும் பெரிதாக்க முயலும். அதனால்தான் பேச்சுக்கு நடுவே விசிறியின் இரைச்சல் பொங்கி வருகிறது.

4. கேசட்டின் தொடக்கத்தில் சுமார் ஐந்து வினாடிக்கு நிறமற்ற வெறும் நாடா இருக்கும். அதில் எதுவும் பதியாது. அது கடந்த பிறகே பேசச் சொல்ல வேண்டும்.

5. முதலில் நாள், ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றை நாமே சொல்லிப் பதிய வேண்டும். கேசட் உறையில் ஒட்டிய தாள் உதிர்ந்தாலும் நாடாவில் சொன்னது உதிராது.

6. ஒரு நிமிடம் பதிந்து, திரும்பக் கேட்டுச் சரிபார்த்த பின்பே தொடர வேண்டும். பெரியவர்களை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி வருத்தக் கூடாது.

7. பென்சில் செல் வலுவிழந்தால் மோட்டார் மெதுவாக ஓடும். அப்போது பதிந்தது பிறகு புதுச் செல்லில் வேகமாக ஓடிக் கேலிக் குரலாகும். முக்கியமான பதிவுக்குப் புதுச் செல்லே போட வேண்டும். வி.ஓ.ஆர். போட்டிருந்தால் கருவி உறங்கும் வேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லைத் தின்னும் என்பதையும் மறக்கலாகாது.

உப்புக் காற்றும் கருவியும்

நம் ஊரில் ஜன்னல் கம்பிகளே துருப்பிடித்து உதிரும்போது, நூலிழை போன்ற கம்பிகள் உள்ள கருவி எம்மாத்திரம்? ஆகையால் நம் கரையில் கருவிக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

வேலை முடிந்ததும் செல்களை எடுத்துவிட வேண்டும். ஆல்கலைன் செல் உள்ளேயே கிடந்து கசிந்தால் தகடுகளில் வெள்ளைப் பொடி படியும். பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து, வினிகர் ஒரு துளி தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பின் உலரவைத்தால் அது நீங்கும். கருவியை மூடியுள்ள டப்பாவில், மாத்திரைப் புட்டிகளிலும் புதுச் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். கடற்கரைக்கு எடுத்துப் போய்த் திரும்பினால் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்த பிறகே டப்பாவில் இட வேண்டும்.

ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓடியதும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். நாடாவின் துகள் பழுப்பாய் அதில் படிந்தால் குரல் மங்கிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, ஹெட்டையும் அருகிலுள்ள மெல்லிய உலோகக் கம்பத்தையும் துடைக்கலாம். கறுப்பு ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நகப்பூச்சு நீக்கும் திரவம், தின்னர், தேங்காயெண்ணெய் இவற்றுள் எதையும் தொடவே கூடாது. ஊசி, கத்தரிக்கோல் போன்றவற்றை ஹெட்டின் அருகே கொண்டு போவதும் தவறு.

ஒலிநாடாவைப் பேணல்

60 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா இருக்கிறது. 120 நிமிடக் கேசட்டில் இதைப் போல் இரு மடங்கு நாடாவை அதே கூட்டுக்குள் அடைக்க வேண்டியிருப்பதால் அது மிகவும் மெல்லியதாக இருக்கும். எளிதில் சுருளும், சிக்கும். பாதுகாக்க வேண்டிய பதிவுக்கு 60 நிமிடக் கேசட்டே நல்லது.

கேசட்டின் பின்முனையில் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் உண்டு. பதிவு முடிந்ததும் அவற்றை உடைத்துவிட்டால் அக்கேசட்டின்மேல் யாரும் தெரியாமல் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட முடியாது. நாடா தளர்ந்திருந்தால் ஆறுபட்டைப் பென்சிலைப் பல்லுக்குள் விட்டு மெல்லச் சுற்றி இறுக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருப்பதால் அதன்மேல் கேசட்டை வைக்கக் கூடாது. வெயிலிலும் வைக்கலாகாது. புத்தகத்தைப் போல நிமிர்த்தி வைப்பதே முறை.

பழைய கேசட்டுகள்

கடிதம் எழுத நேரமில்லாதவர்களும், எழுத்தறியாத தாய்மாரும் ஒரு காலத்தில் கேசட்டிலேயே பேசி அனுப்பினார்கள். கப்பலில் இருந்தவரின் குரல் வீட்டுக்கு வந்தது. வீட்டிலிருந்த குழந்தையின் மழலை கப்பலுக்குப் போனது. அத்தகைய கேசட்டுகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கலாம். பேசியவர்களுள் பலர் இன்று இல்லை. ஆகவே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இது. அக்கேசட்டைக் கண்டெடுத்த ஆவலில் உடனே கருவியில் போட்டு விடாதீர்கள். பல ஆண்டுகள் கிடந்த கருவியின் ரப்பர் உருளை பிசுபிசுத்து நாடாவை விழுங்கிவிடக் கூடும். முதலில் கருவியைத் துடைத்து, வேண்டாத கேசட் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அது ஒழுங்காக ஓடினால் மட்டுமே அருமையான கேசட்டைப் போட வேண்டும். நாடாவில் வெண்மையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது. அனுபவமுள்ளவரிடம் காட்ட வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் முதல் வேலை பிரதி எடுப்பது. கருவியின் காதொலித் துளையிலிருந்து கம்பி மூலம் கணினிக்கு இணைத்துப் பதிவு செய்து, இரண்டு இடங்களில் சேமிக்கலாம். பிரதி எடுக்கும்போதும் மௌனத்தைத் தானே கழிக்கும் வசதி எதையும் போடக் கூடாது. பிரதி எடுத்தாயிற்று என்று மூலத்தை எறியவும் கூடாது. இந்திய இசை, வாய்மொழிப் பதிவுகளின் பிரதிகளைக் காப்பதற்கென்றே 1982 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆவணக் காப்பகம் ஒன்று டில்லியை அடுத்த குர்கானில் இயங்கி வருகிறது. பெரிய அறிஞர்கள் நாடெங்கும் செய்யும் அதே வேலையை நம் வீட்டளவில் நாம் செய்யலாகாதா?

கேட்ட பிறகே பதிக

குரல் கேட்டால் தானே விழிக்கும் கருவியை ஒளித்து வைப்பது எளிது. எளிது என்பதாலேயே அது ஆபத்தானது. அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்டு நிக்சன் 1971 ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையின் தம் அலுவலக அறையில் இத்தகைய ஏற்பாட்டை ரகசியமாகச் செய்தார். யார் பேசினாலும் டேப் தானே ஓடியது. பேசிய பலருக்கு அது தெரியாது. 1973 ஆம் ஆண்டு இச்செய்தி வெளிவந்தது. ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடப் பேச்சு அழிந்திருந்தது பெரும் சந்தேகத்தைக் கிளப்பியது. நீதிமன்றக் கட்டளைப்படி வெளிவந்த நாடாக்கள் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்ல, 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். பிறர் குரலை அறியாமல் பிடிப்பது திருட்டுக்கு ஒப்பாகும். கருவியைக் கண்ணெதிரே வைத்து, "பதிவு செய்யட்டுமா?" என்று கேட்டு, "நிறுத்து" என்றால் உடனே நிறுத்துவதே நற்பண்பு. பதிந்ததைப் பேசியவருக்குப் போட்டுக் காட்டுவதும் நம் கடமை. கைபேசிக்கும் இவ்விதி முற்றும் பொருந்தும்.

இன்றைய கைபேசிகளிலும் எண்முறைப் பதிவுக் கருவிகளிலும் மௌனத்தைத் தாண்டிச் செல்லும் வசதி பலவற்றில் இருக்கிறது. யந்திரம் மாறினாலும் கேள்வி மாறவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வது யந்திரமா, நாமா?

அன்புத் தோழியரே! கோடை விடுமுறை வருகிறது. முத்துக்குளிப்பைக் கண்டவர்களும், பாய்மரத் தோணியில் போனவர்களும், வலைப்பாட்டைப் பாடியவர்களும் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். கருவியைத் துடைத்து, புதுச் செல் போட்டு, அந்தச் சிறு விசையை நிறுத்தி வைத்துவிட்டு அவர்கள் அருகில் போய் உட்காருவோம். அவர்கள் பேசும்போது கேட்போம். பேசாதிருக்கும்போதும் பொறுமையாய்க் காத்திருப்போம்.